இயற்பியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றை நம்புவதற்கு முன் சரிபார்ப்பது எப்படி?

ஆய்விதழில் அச்சாகிவிட்டது என்பதாலேயே ஒரு கட்டுரை சரியானதாகிவிடாது. 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் இதழாளர், லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய்ச் செல்களை அடக்குவதாகக் கற்பனையாகவே ஒரு கட்டுரையைப் புனைந்து, கட்டணம் வாங்கி வெளியிடும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. மருந்தின் அளவு கூடக் கூட விளைவும் கூடுகிறது என்று கட்டுரை சொல்ல, அதிலிருந்த வரைபடமோ அப்படி எதையும் காட்டவில்லை. படத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் படித்திருந்தாலே அது தடுக்கப்பட்டிருக்கும். இயற்பியல் கட்டுரைகளிலும் பெரும்பாலான கோளாறுகளைப் பிடிக்கப் பதினோராம் வகுப்புப் பாடமும் ஒரு கால்குலேட்டருமே போதும் என்பது என் கருத்து.

முதலில் அலகுகளைப் பாருங்கள். ஒரு மின்கலம் '5 கிலோவாட் சேமிக்கிறது' என்று சுருக்கவுரையிலேயே எழுதியிருந்தால், எழுதியவருக்குத் திறனும் ஆற்றலும் வேறு என்பது தெரியவில்லை, அல்லது வெளியிடும் முன் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர் அதைப் படிக்கவில்லை. சேமிக்கப்படுவது ஆற்றல், அதன் அலகு ஜூல் அல்லது வாட்-மணி. சமன்பாடுகளின் இரு பக்கத்துக்கும் பரிமாணம் எழுதிப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்தது மாறா விதிகள். இங்கே அவசரம் கூடாது. ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் தரும் கருவி என்றவுடன் ஆற்றல் மாறா விதி மீறப்பட்டதாகக் கருதிவிடக்கூடாது. வெப்ப ஏற்றி அதைத்தான் செய்கிறது, ஏனெனில் மீதி வெப்பத்தை அது வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே, அமைப்பின் எல்லைக்கோட்டை எங்கே வரைந்திருக்கிறார்கள், அந்தக் கோட்டைத் தாண்டி எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்பதை ஒரு தாளில் படமாக வரைந்துகொண்ட பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

இதை ஓர் உண்மையான கட்டுரையில் செய்து பார்ப்போம். ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய மூடிய செப்புப் பெட்டிக்குள் நுண்ணலைகளைச் செலுத்தினால், எதையும் வெளியேற்றாமலேயே அது தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும் என்பது 'எம்டிரைவ்' என்ற கருவியைப் பற்றிய கூற்று. 2016-இல் நாசாவின் ஆய்வுக்குழு ஒன்று, மதிப்பீட்டாளர்கள் பார்த்து ஏற்ற ஓர் இதழில், இக்கருவி ஒரு கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் விசை தருவதாக வெளியிட்டது. எல்லைக்கோட்டைப் பெட்டியைச் சுற்றி வரையுங்கள். வெளியே எதுவும் போகவில்லை. ஆனால் பெட்டி உந்தம் பெறுகிறது. உந்த மாறா விதி அங்கேயே இடிக்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ஒளியையே பின்னால் பாய்ச்சி நகரும் விண்கலத்தில் விசை என்பது திறனை ஒளியின் திசைவேகத்தால் வகுத்தது. அதாவது ஒரு கிலோவாட்டுக்கு 3.3 மைக்ரோநியூட்டன். எம்டிரைவ் கூற்று அதைப்போல் ஏறத்தாழ 360 மடங்கு. இனி, விசையைத் திசைவேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும் அல்லவா? 1,000 வாட்டை 0.0012 நியூட்டனால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 833 கிலோமீட்டர் வருகிறது. அந்த வேகத்தைத் தாண்டியதும் எம்டிரைவ் பொருத்திய கலம் நொடிதோறும் பெறும் இயக்க ஆற்றல், நாம் அந்த நொடியில் கொடுக்கும் மின்னாற்றலைவிட மிகுந்துவிடும். அதே வகுத்தலை ஒளிக்கலத்துக்குச் செய்தால் கிடைப்பது ஒளியின் வேகமேதான். எந்தக் கலமும் அதை எட்டாது என்பதால் அங்கே முரண்பாடு எழுவதில்லை. இந்தக் கணக்குக்கு ஓர் அஞ்சல் உறையின் பின்பக்கமே போதும்.

ஆனாலும் அவர்கள் ஏதோ ஒன்றை அளந்தார்களே, அது என்ன? பிழைகளின் அளவை இங்கே கேட்க வேண்டும். சோதனையில் கொடுத்த திறன் 40 முதல் 80 வாட் வரை. 60 வாட்டுக்கு அவர்கள் கூற்றுப்படி கிடைக்கும் விசை 72 மைக்ரோநியூட்டன்; 7 மில்லிகிராம் எடை, அதாவது ஓர் அரிசிமணியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. 2 ஆம்பியர் மின்னோட்டம் ஓடும் 10 சென்டிமீட்டர் கம்பியின்மீது, 50 மைக்ரோடெஸ்லா அளவுள்ள புவிக்காந்தப் புலமே 10 மைக்ரோநியூட்டன் வரை விசை செலுத்தும். கருவி சூடாகி அதைத் தாங்கும் சட்டம் சற்றே விரிந்தாலும் விசையை அளக்கும் தராசு அசையும். 2021-இல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டாஜ்மார் குழுவினர் இந்த விளைவுகளை நீக்கி அளந்தபோது உந்துவிசை எதுவும் மிஞ்சவில்லை.

மூன்றாவதாக, வரைபடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அளவீட்டுப் புள்ளிகள் ஒரு கோட்டைச் சுற்றி மேலும் கீழுமாகச் சிதறுவதை இரைச்சல் என்கிறோம். அது ஒருமுறை வந்தது போல் மறுமுறை வராது. 2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இருவர், தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்துகள் பொருள் 236 கெல்வினில் மீக்கடத்தியாவதாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவதாக, ஒரு முன்வரைவை (மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் இடும் கட்டுரையை) வெளியிட்டனர். வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுத்த இரண்டு காந்த ஏற்புத்திறன் (பொருள் எந்த அளவுக்குக் காந்தமாகிறது என்பதன் அளவு) வரைகோடுகளில், புள்ளிகளின் ஏற்ற இறக்கம் ஒன்றுபோலவே இருப்பதையும், ஒன்று மற்றதிலிருந்து சற்றே நகர்ந்திருப்பதையும் பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியலாளர் கவனித்தார். காரணம் எதுவாயினும், ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்க வேண்டிய இடம் அது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய யான் ஹென்ட்ரிக் ஷோன் வெவ்வேறு சோதனைகளுக்குத் தந்த வரைபடங்களிலும் இதே இரைச்சல் ஒற்றுமை காணப்பட்டது; அவர் தரவுகளைப் புனைந்தார் என்று 2002-இல் விசாரணைக்குழு முடிவு செய்தது. அவருடைய கட்டுரைகள் உலகின் முன்னணி இதழ்களில் வந்தவை. திரையில் 400 விழுக்காடு பெரிதாக்கி, ஒரு வரைகோட்டை வெண்ணெய்த்தாளில் நகலெடுத்து மற்றதன்மீது வைத்துப் பார்த்தாலே இது புலப்படும்.

இதழைச் சோதிப்பதை நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். நம் மாணவர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தானே ஏற்ற பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் வந்த 'கேர்' பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. ஒரு வாரத்தில் ஏற்பு, பணம் கட்டியதும் வெளியீடு என்று உறுதியளிக்கும் இதழை ஒதுக்கிவிடலாம். மொழியையும் கவனியுங்கள். எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளை ஏமாற்றச் சொற்களை இயந்திரத்தால் மாற்றிய கட்டுரைகளில், 'சிக்னல் டு நாய்ஸ்' என்ற வழக்கமான தொடர் 'ஃபிளாக் டு க்ளாமர்' (கொடிக்கும் கூச்சலுக்கும்) என்று வந்திருக்கிறது. இயற்பியல் படித்த எவரும் அப்படி எழுதமாட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதை ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ எண்ணைக் கொண்டு இதழின் தளத்திலேயே பாருங்கள். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகம் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அறை வெப்பநிலையில் மீக்கடத்தி கிடைத்ததாக 2020-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ரங்கா டயஸ் குழுவின் கட்டுரையை, பின்னணி அளவீட்டைக் கழித்த முறை குறித்த ஐயங்களால், இதழின் ஆசிரியர்களே 2022-இல் திரும்பப் பெற்றனர். தளத்தில் உள்ள கட்டுரையின்மேல் இன்று அந்த அறிவிப்பு இருக்கிறது. 2021-இல் யாரோ தரவிறக்கி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட கோப்பில் அது இராது.