கரித்துண்டுக்கு வயது பார்க்கும்போது நேரும் தவறுகள்

அகழாய்வுக் குழியில் கிடைத்த கரித்துண்டு, அடுப்பு எரிந்த காலத்தைச் சொல்லாது. அந்த மரவளையம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும். வளையம் உருவானதுமே அது காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனை ஏற்பதை நிறுத்திவிடுகிறது; அதன்பின் அது சிதைந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளந்தே வயதைக் கணக்கிடுகிறார்கள். பருத்த மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதி, வெட்டும்போதே இருநூறு வயதைத் தாண்டியிருக்கலாம். அது உத்திரமாகக் கிடந்து பிறகு விறகானால் பிழை இன்னும் கூடும். ஆகவே பெரிய கரிக்கட்டியைக் கண்டதும் அள்ளாதீர்கள். நெல், தினை, சுள்ளி போன்ற குறுகிய ஆயுள் கொண்டவற்றைத் தேடுங்கள். பழனி அருகே பொருந்தல் ஈமக்குழியில் கிடைத்த நெல் அவ்வளவு மதிப்புப் பெற்றதற்கு இதுவும் காரணம்: நெல்மணி ஒரே பருவத்தில் விளைந்தது.

மாதிரியை வெறுங்கையால் தொடாமல் சுத்தமான இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். பஞ்சும் காகிதமும் வேண்டாம், அவற்றின் இழைகள் இன்றைய கார்பன். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். உடையாமலிருக்கப் பசை தடவவே கூடாது. கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். கருவிக்குச் சில பத்து மில்லிகிராம் கரி போதும் என்பதால், ஒட்டியிருக்கும் ஒரு சல்லிவேர்கூடக் கணக்கைக் கெடுக்கும். 17,000 ஆண்டு பழைய மாதிரியில் 1 சதவீதம் புதிய கார்பன் கலந்தால் வயது சுமார் 600 ஆண்டு குறைந்துவிடும். 2,500 ஆண்டு மாதிரியில் அதே கலப்பால் 30 ஆண்டுதான் குறையும். பெட்ரோலியத்தில் செய்த பசையில் கார்பன்-14 அறவே இல்லை. அது 1 சதவீதம் சேர்ந்தாலே எந்த மாதிரிக்கும் சுமார் 80 ஆண்டு கூடிவிடும்.

முடிவு வந்த பிறகு நடப்பதுதான் மிகவும் வருத்தத்துக்குரியது. அறிக்கையில் '2450±30 பி.பி.' என்றிருக்கும். பி.பி. என்பது 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணுவது. உடனே 1950-ஐக் கழித்து 'கி.மு. 500' என்று அறிவித்துவிடுகிறார்கள். அது தவறு. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. வயது தெரிந்த மரவளையங்கள் முதலியவற்றைக் கொண்டு வரைந்த இன்ட்கால்20 போன்ற அளவுத்திருத்த வளைகோட்டில் பொருத்தியே ஆண்டைப் பெற வேண்டும். கார்பன்-14 பாதியாகக் குறைய ஆகும் அரை ஆயுட்காலம் 5,568 ஆண்டு அல்ல, 5,730 ஆண்டு ஆயிற்றே என்று 1.03-ஆல் பெருக்கவும் வேண்டாம். பழைய மதிப்பை வைத்துக் கணக்கிடுவதே மரபு. வேறுபாட்டை வளைகோடே சரிசெய்துவிடும்.

கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது; பல நூற்றாண்டுகளுக்கும் ஏறத்தாழ ஒரே பி.பி. எண்தான் வரும். அதனால் 2450±30, ஏறத்தாழ கி.மு. 750–410 என்று விரிகிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குச் சொல்லப்பட்ட கி.மு. 580 இந்தத் தட்டைப் பகுதிக்குள்தான் வருகிறது. இப்படிப்பட்ட காலத்துக்கு ஒற்றை ஆண்டை எழுதாமல் முழு இடைவெளியையும் எழுதுங்கள். ஒரே மண்ணடுக்கு வரிசையில் மேலிருந்து கீழாகப் பல மாதிரிகளை அனுப்பினால், அடுக்கின் வரிசையைக் கொண்டே அந்த இடைவெளியைச் சுருக்க முடியும்.

கடற்சிப்பிக்கு வேறு வளைகோடு. நிலத்துக்கு உரியதைப் போட்டால் சில நூறு ஆண்டு மூத்துவிடும். பானை ஓட்டுக்கு, கனிமத் துகள்களில் சேர்ந்த கதிர்வீச்சு ஆற்றலை ஒளியாக வெளியேற்றி அளக்கும் ஒளிர்வுமுறைதான் சரி. மண்ணடுக்குக்கும் அதே முறை உதவும்; அதற்கான மண் மாதிரியை ஒளி புகாத குழாயை மண்சுவரில் அடித்து இறக்கி எடுத்து, இரு முனையையும் உடனே மூட வேண்டும். வெயில் பட்டால் சேர்ந்திருந்த ஒளிர்வு அழிந்து, வயது குறைவாக வரும்.