முதல் வாரமே விற்க வையுங்கள்: வசதி குறைந்த இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தர

வியாபாரத் திட்டம் எழுதச் சொல்லித் தொடங்காதீர்கள்; முதல் வாரமே எதையாவது விற்க வையுங்கள். மூன்று பேர் கொண்ட குழுவுக்குச் சிறு முதலீட்டைப் பயிற்சி தருபவர்களே கொடுக்க வேண்டும். வீட்டுப் பணத்தைப் போடச் சொல்வது அநியாயம். நட்டமானால் அடுத்த வேளைச் சாப்பாடே போய்விடும்.

கணக்குக்குத்தான் அதிக நேரம் வேண்டும். ஒன்றை 10 ரூபாய்க்கு வாங்கி 15 ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 வாங்கி 16 விற்றால், ஒன்றுக்கு 5 வீதம் லாபம் 80 என்பார்கள். ஆனால் கைக்கு வந்தது 240, போட்டது 200. மீதி நான்கும் கெட்டுப்போகும் சரக்கானால் லாபம் 40தான். போக்குவரத்துக்கு 15 போனால் 25. கரும்பலகையில் எழுதிக்காட்டினால் பதியாது. அன்றைய வசூலை மேசையில் கொட்டி, சில்லறையோடு எண்ண வையுங்கள்.

போட்ட முதலீடு பெரும்பாலும் கரைவது வீட்டுச் செலவிலும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த கடனிலும்தான். தொழில் பணத்துக்குத் தனி டப்பா, கடனுக்கு நோட்டில் தனிப் பக்கம். பழைய பாக்கி வராமல் புதுக் கடன் கிடையாது.