தூங்கிப்போன நூலகர் சங்கத்தை எழுப்புவது எப்படி?

எந்த நூலகர் சங்கமும் ஒரே நாளில் நின்றுவிடாது. ஒரு வருடம் ஆண்டுக்கூட்டம் தள்ளிப்போகும். அப்புறம் செயலாளர் ஓய்வு பெறுவார், குறிப்பேடும் ரசீதுப் புத்தகமும் அவர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். சந்தா கேட்க ஆளிருக்காது. ஆனால் உறுப்பினர்கள் எங்கும் போய்விடவில்லை. அவரவர் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து, பக்கத்து நூலகர் போன மாதமே தீர்த்துவிட்ட சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக்குவதுதான் முதல் வேலை. தேர்தலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: பழைய பெயர்களைத் திரட்டுங்கள்

உறுப்பினர் பதிவேடு, பயிலரங்கில் கையெழுத்து வாங்கிய தாள் என எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், நூலகம், அது பொது நூலகமா கல்லூரியா பள்ளியா மருத்துவமனையா, தொலைபேசி எண், அவர் எதில் கைதேர்ந்தவர் என்று ஐந்து பத்திகளில் ஒரு அட்டவணை போதும். கடைசிப் பத்தி இப்போது காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்பத்தான் இவ்வளவு பாடும்.

ஓய்வு பெற்றவர்களை முதலில் பாருங்கள். சங்கம் நின்றது பணப் பிரச்சினையாலா, மனக்கசப்பாலா, வெறும் களைப்பாலா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அது தெரியாமல் இறங்கினால் பழைய சண்டை முதல் கூட்டத்திலேயே எழுந்து நிற்கும்.

படி 2: ஒவ்வொருவராகப் பேசுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். வாட்ஸ்அப் குழு தொடங்கி எல்லோரையும் சேர்த்துவிட்டால் சங்கம் பிழைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். இரண்டே வாரத்தில் அதில் காலை வணக்கம் மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். முடிந்தால் நேரில் போங்கள்.

"சங்கத்தில் சேருகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "இந்த மாதம் நூலகத்தில் உங்களை அதிகம் படுத்தியது எது?" என்று கேளுங்கள். இருப்புச் சரிபார்ப்பு, திரும்பி வராத புத்தகங்கள், பழையவற்றைக் கழிக்க அனுமதி கிடைக்காதது, புதிய மென்பொருளுக்குப் பட்டியலை மாற்றுவது என்று கொட்டித் தீர்ப்பார்கள். ஒற்றை ஆளாக நூலகம் நடத்துபவருக்கு இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்க இன்னொரு நூலகர் கிடைப்பதே அபூர்வம்.

அடுத்த கேள்வி: "யாராவது கேட்டால் எதைச் சொல்லித்தருவீர்கள்?" எனக்கென்ன தெரியும் என்பார்கள். விடாதீர்கள். பார்கோடு ஒட்டி முடித்தவர் ஒருவர் இருப்பார், சிறுவர் கதைநேரம் நடத்துபவர் ஒருவர் இருப்பார். காலியாக விட்ட பத்தியில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஒருவருடைய சிக்கலும் இன்னொருவருடைய திறமையும் உங்கள் கையில் இருக்கின்றன. கூட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், இருவரிடமும் அனுமதி கேட்டுவிட்டு அன்றைக்கே பேசவையுங்கள். நூலகப் பட்டியலையும் இரவலையும் கவனிக்கும் கோஹா மென்பொருளை எண்ணிப் பாருங்கள். நியூசிலாந்தில் ஒரு நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது. பல நாட்டு நூலகர்களும் நிரலாளர்களும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துத்தான் அதை இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு.

படி 3: சின்னதாக ஒரு கூட்டம்

பத்துப் பேர் வந்தால் போதும். அமெரிக்க நூலகச் சங்கம் 1876இல் பிலடெல்பியாவில் உருவான மாநாட்டிலேயே 103 பேர்தான் இருந்தார்கள். அது ஒரு நாடு முழுவதற்குமான சங்கம்!

மண்டபம் வேண்டாம், யாராவது ஒருவருடைய நூலகத்தில் கூடுங்கள். முதல் அரை மணி நேரம் அவர் தன் அடுக்குகளைச் சுற்றிக் காட்டட்டும். பிறகு ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் செய்துகாட்ட மற்றவர்கள் செய்துபார்க்கட்டும். பொன்னாடை, வரவேற்புரை எதுவும் தேவையில்லை. வேலைநேரத்தில் கூடினால் மேலதிகாரிக்கு முறையான அழைப்புக் கடிதம் அனுப்புங்கள். அது இல்லாததால் பலரால் கிளம்பிவர முடிவதில்லை.

படி 4: நூலகங்களையும் இணையுங்கள்

மூன்று கூட்டம் நடந்த பிறகு நூலகங்களுக்கிடையே இரவலைத் தொடங்கலாம். முதலில் தங்களிடமுள்ள பருவ இதழ்களின் பட்டியலை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். "இந்த இதழ் பக்கத்து நூலகத்தில் இருக்கிறது, கேட்டு வாங்கித்தருகிறேன்" என்று வாசகரிடம் சொல்ல முடிகிற நாளில், சங்கத்தால் என்ன பயன் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

படி 5: இப்போது காகித வேலை

பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு, கணக்குத் தணிக்கை எதுவரை நடந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளூர்ச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பொறுப்புகளை ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் மூத்தவர் ஒருவர், புதியவர் ஒருவர். அலமாரியில் தங்கிவிட்ட அந்தக் குறிப்பேட்டின் நகல் இனி இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் கலைந்துபோகும் முன்பே அடுத்த தேதியையும் எந்த நூலகம் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். வராதவர்களுக்கு அதை நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள்.