எவர்சில்வர் வேண்டாம், அலுமினியம் போதும்: பிரஷ்ஷை வைத்தே உலோக விமானம்

நான் முதன்முதலில் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் மாடல் விமானமான மஸ்டாங் இன்னும் அலமாரியின் பின்வரிசையில்தான் இருக்கிறது. சில்வர் டப்பாவைத் திறந்தேன், பிரஷ்ஷை முக்கினேன், மூக்கிலிருந்து வால் வரை ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் ஜன்னல் கம்பிக்கு அடித்த சில்வர் பெயிண்ட் மாதிரியே இருந்தது. பிரஷ் போன தடமெல்லாம் கோடு, வால் ஓரத்தில் திரண்டு நின்ற ஒரு சொட்டு, இறக்கையில் என் கட்டைவிரல் ரேகை.

பெயிண்டைக் காற்றழுத்தத்தில் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லாததால்தான் இப்படி ஆனது என்று அப்போது நினைத்தேன். தப்பு. நான் தேடியது பளபளப்பை, கெட்டது அதனால்தான். சமையலறையில் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் பழைய அலுமினியச் சட்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டம்ளரில் உங்கள் முகம் தெரியும். சட்டியில் ஜன்னல் வெளிச்சம் மங்கலாகப் பரவித் தெரியும், அவ்வளவுதான். பறந்து, வெயிலிலும் மழையிலும் நின்ற விமானத்தின் தோல் சட்டி ரகம். அதைப் பிரஷ்ஷால் கொண்டுவர முடியும்.

எடுத்துக்கொள்ளும் விமானம் 1/72 அளவு (அசலில் 72-இல் ஒரு பங்கு) பி-51டி மஸ்டாங், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம். இறக்கை முனைக்கு முனை சுமார் 15.7 செ.மீ. முதல் முயற்சிக்கு இதைவிடப் பெரிதாகப் போக வேண்டாம்.

முதலில் அசலைப் பாருங்கள்

1943 வரை அமெரிக்கப் போர் விமானங்கள் பெரும்பாலும் ஆலிவ் பச்சை பூசிக்கொண்டுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. 1944 தொடக்கத்திலிருந்து அந்தப் பூச்சை விட்டுவிட்டார்கள். எடையும் குறைந்தது, வேலையும் மிச்சம். அதனால்தான் மஸ்டாங் என்றதும் நமக்கு வெள்ளி நிறம் நினைவுக்கு வருகிறது.

ஆனால் மஸ்டாங்கின் இறக்கை வெற்று உலோகம் இல்லை. காற்று மேலே சீராக வழுக்கிப் போக வேண்டும் என்று வடிவமைத்த இறக்கை அது. ஒரு ரிவெட் தலை துருத்திக்கொண்டிருந்தாலும் அந்த ஓட்டம் கலையும். எனவே டிங்கரிங் பட்டறையில் காருக்குப் பட்டி பார்ப்பது போல, இறக்கையின் முன்பகுதியில் இருக்கும் இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் தொழிற்சாலையிலேயே பட்டி வைத்து அடைத்தார்கள். பிறகு தேய்த்து, மேலே அலுமினிய நிற லாக்கர் அடித்தார்கள். உடல் பகுதி பெரும்பாலும் வெறும் தகடு. வாலில் இருக்கும் சுக்கானோ துணி போர்த்தி வெள்ளி டோப் (துணியை விறைப்பாக்கும் பூச்சு) பூசியது. ஆக ஒரே விமானத்தில் மூன்று வெள்ளி. கிட் (மாடலின் உதிரிப் பாகங்கள்) பெட்டியோடு வரும் தாளில் இது எல்லாவற்றையும் 'சில்வர்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். நம்பாதீர்கள்.

என்ன பெயிண்ட்?

நான் பயன்படுத்துவது வலேஹோ மெட்டல் கலர். அலுமினியம், ஒயிட் அலுமினியம், டார்க் அலுமினியம், பர்ன்ட் அயர்ன் ஆகிய நான்கு புட்டிகள் போதும். இது தண்ணீரில் கழுவக்கூடிய அக்ரிலிக். ஏர்பிரஷ்ஷுக்காக நீர்த்த பதத்திலேயே வருவதால் பிரஷ்ஷிலும் மெல்லிசாக ஓடும். டமியா அக்ரிலிக் நல்ல பெயிண்ட்தான், ஆனால் பிரஷ்ஷில் இரண்டாவது கோட் அடிக்கும்போது முதல் கோட்டைக் கரைத்துக் கிளப்பிவிடும். புதியவருக்கு அது தலைவலி. ஹம்ப்ரோல் மெட்டல்கோட் கிடைத்தால் அதுவும் அருமை, காய்ந்தபின் துணியால் தேய்த்தால் மெருகேறும். எனாமல் என்பதால் வாடை உண்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கைவினை மெட்டாலிக் பெயிண்டை மட்டும் தொடாதீர்கள். அதன் துகள் பெரிது. 72 மடங்கு சுருங்கிய விமானத்தின் மேல் ஜிகினா தூவிய மாதிரி இருக்கும்.

பிரஷ் தட்டையாக, மென்மையான சிந்தெடிக் முடியோடு இருக்க வேண்டும். 8 மி.மீ. ஒன்று, 4 மி.மீ. ஒன்று, ஓரங்களுக்கு நுனி கூரான சின்னது ஒன்று. இவற்றை உலோக நிறங்களுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கழுவும் தண்ணீரும் தனிக் கோப்பையில் இருக்கட்டும். வெள்ளி கழுவிய தண்ணீரில் அடுத்து ஆலிவ் பச்சை பிரஷ்ஷை அலசினால், பச்சைக்குள் மினுமினுப்பு புகுந்துவிடும். அப்புறம் அது போகவே போகாது.

தேய்ப்பு

ஒட்டிய இணைப்புகளில் பட்டி வைத்து, 1000, அடுத்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். நகத்தை இணைப்பின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. பச்சை பெயிண்ட் மன்னிக்கும் கீறலை வெள்ளி மன்னிக்காது, வெளிச்சம் போட்டுக் காட்டும். கடைசியில் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி உலர்த்துங்கள். இதற்குப் பிறகு வெறும் விரலால் தொடக்கூடாது. புரொப்பெல்லர் ஓட்டையில் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி, அதைப் பிடித்துக்கொண்டே மிச்ச வேலை முழுவதையும் செய்யலாம்.

அடியில் கறுப்பு

வெள்ளிக்கு அடியில் பளபளப்பான கறுப்பு பூச வேண்டும். உலோகப் பெயிண்ட் என்பது திரவத்தில் மிதக்கும் பொடித் தகடுகள். அடித்தளம் வழவழப்பாக இருந்தால் அவை பாய் விரித்தது போல் படுத்துக்கொள்ளும், வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பும். சொரசொரப்பாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், சாம்பல் நிறம்தான் மிஞ்சும்.

கறுப்பை நீர்க்கவிட்டு மூன்று மெல்லிய கோட். ஒரே கோட்டில் மூடப் பார்க்காதீர்கள். முக்கியமாக மின்விசிறியை நிறுத்துங்கள். காய்கிற கறுப்பின் மேல் தூசி விழுந்தால் பருப்பருப்பாகத் தெரியும். நான் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுவேன். ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும்.

வெள்ளி கோட்

புட்டியை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். துகள் அடியில் வண்டலாகத் தங்கியிருக்கும், குலுக்காமல் அடித்தால் வருவது சாம்பல் தண்ணீர். தட்டில் சில சொட்டு மட்டும் விடுங்கள். பிரஷ்ஷைத் தோய்த்து, ஒரு டிஷ்யூ தாளில் லேசாக ஒற்றியெடுங்கள். பிரஷ்ஷில் ஈரம் இருக்க வேண்டும், சொட்டக்கூடாது.

இனி விதி ஒன்றே ஒன்று: போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஒரு பேனலை (கோடுகளுக்கு நடுவே உள்ள ஒரு தகட்டுப் பகுதி) எடுங்கள், அதன் ஒரு ஓரக்கோட்டிலிருந்து மறு ஓரக்கோடு வரை ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு அதன் பக்கத்தில், விளிம்பு ஈரமாக இருக்கும்போதே. பாதி காய்ந்த இடத்தில் 'இங்கே கொஞ்சம் விட்டுப்போச்சே' என்று பிரஷ்ஷை வைத்தால், படுத்திருந்த துகள்கள் எழுந்து சுருண்டுகொள்ளும். முதல் மஸ்டாங்கில் நான் கண்ட கோடெல்லாம் இப்படி வந்தவைதான்.

முதல் கோட் முடிந்ததும் விமானம் பரிதாபமாக இருக்கும். கறுப்பு திட்டுத்திட்டாகத் தெரியும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். அரைமணி நேரம் விட்டு இரண்டாவது கோட், இந்த முறை குறுக்காக. மூன்றாவது கோட் காற்று ஓடும் திசையில், மூக்கிலிருந்து வால் நோக்கி. இறக்கையில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு. அப்புறமும் மெலிதான இழுப்புத் தடம் தெரிந்தால் அது காற்றின் போக்கிலேயே இருப்பதால் கண்ணை உறுத்தாது. சில சமயம் தகட்டின் இழையோட்டம் போலவே தோன்றும்.

ஏப்ரல், மே வெயிலில் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடுகிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு கலந்தால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் காலையில் சீக்கிரம் எழுந்து அடியுங்கள்.

பேனல்களைப் பிரிப்பது

பிரஷ்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஏர்பிரஷ் வைத்திருப்பவர் ஒவ்வொரு பேனலுக்கும் டேப் ஒட்டி உரிக்க வேண்டும். நமக்குக் கிட்டில் இருக்கும் பேனல் கோடே வரப்பு. உடல் முழுக்க அலுமினியம் அடித்தாகிவிட்டதா, இனி மூக்கில் இன்ஜின் மூடியில் இரண்டு பேனலுக்கு டார்க் அலுமினியம், வால் பக்கம் ஒன்றிரண்டுக்கு ஒயிட் அலுமினியம். வித்தியாசம் உற்றுப் பார்த்தால் தெரிந்தால் போதும், சதுரங்கப் பலகை ஆக்கிவிடாதீர்கள். பாதிக்குப் பாதி அலுமினியத்தோடு கலந்து அடிப்பது பாதுகாப்பு.

இறக்கைக்கு ஒயிட் அலுமினியத்தில் வெளிர் சாம்பல் ஒரு துளி கலந்து, எல்லாப் பேனலுக்கும் ஒரே நிறம். அது பெயிண்ட் அடித்த பரப்பு, அங்கே பேனலுக்குப் பேனல் மாறக்கூடாது. காய்ந்ததும் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் ஒரு கோட். சுக்கானுக்கும் அதே கலவை, வார்னிஷ் மட்டும் மேட் (பளபளப்பில்லாதது). உடலுக்குச் சாதாரண வார்னிஷ் வேண்டாம், உலோகத்தின் மேல் பாலாடை படிந்தது போல் ஆகிவிடும். டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டிய இடத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மெட்டல் கலர் வரிசையிலேயே உலோகத்துக்கான வார்னிஷ் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் உலோகத்தன்மை வேண்டுமா? 4பி பென்சில் முனையை உப்புத்தாளில் உரசிப் பொடியாக்கி, பழைய பனியன் துணியில் தொட்டு, இன்ஜின் மூடியில் வட்டமாகத் தேயுங்கள். கிராஃபைட் படிந்து, கனமான தகட்டின் மினுப்பு வரும். பெயிண்ட் ஒரு நாளாவது காய்ந்திருக்க வேண்டும்.

மஸ்டாங்கின் புகைக்குழாய்கள் பக்கத்துக்கு ஆறு. பர்ன்ட் அயர்ன் அடித்து, நுனிகளில் துருப் பழுப்பை நீர்க்கவிட்டால் முடிந்தது. அதற்குப் பின்னால் உடலில் படியும் புகைக்கறைக்குச் சாக்பீஸ் பொடியில் பழுப்பும் சாம்பலும் கலந்து உலர்ந்த பிரஷ்ஷால் இழுத்தால் போதும். பேனல் கோடுகளுக்குக் கறுப்பு வாஷ் (கோட்டுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) வேண்டாம், அடர் சாம்பல் போதும். விமானி கண்ணில் வெயில் அடிக்காமலிருக்க காக்பிட்டுக்கு முன்னால் ஆலிவ் பச்சைப் பட்டை வரும். அதை நல்ல மேட்டாக விடுங்கள், பக்கத்திலுள்ள உலோகம் தானாகவே எடுத்துக் காட்டும்.

1944 ஜூன் நார்மண்டி படையிறக்க விமானமாகச் செய்வதானால் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வேண்டும். வெள்ளையில் தொடங்கி வெள்ளையில் முடியும் ஐந்து பட்டைகள், ஒவ்வொன்றும் 18 அங்குலம், நம் அளவில் 6.35 மி.மீ. டீக்காலாகக் கிடைக்கும், ஆனால் கையால் அடிப்பதையே சொல்வேன். டேப்பை முதலில் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்து அதன் பிசினைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கீழே உள்ள வெள்ளியையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். விளிம்பு கொஞ்சம் கோணலாக வந்தால் திருத்த வேண்டாம். படையிறக்கத்துக்கு முந்தைய சில நாட்களில் தரைப்பணியாளர்கள் அவசர அவசரமாக பிரஷ்ஷால் அடித்த பட்டைகள் அவை. அசலிலும் பல கோணல்தான்.