பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: புது கியர் சைக்கிளை ஒன்றுசேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

அக்கா மகனுக்கு அட்டைப் பெட்டியில் வந்தது அந்த சைக்கிள். 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். காலையில் பெட்டியைப் பிரித்தவன் மதியத்துக்குள் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிவிட்டான். மாலையில் என்னைக் கூப்பிட்டபோது செயின், பெரிய பல்சக்கரத்துக்கும் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கும் நடுவில் விழுந்து இறுகிக் கிடந்தது. பின் பிரேக் வேறு உரசிக்கொண்டிருந்தது. எந்தத் திருகாணியையெல்லாம் தொட்டாய் என்று கேட்டேன். "கண்ணில் பட்ட எல்லாவற்றையும், மாமா" என்றான்.

உண்மையான கோளாறு ஒன்றே ஒன்றுதான். உறைத்தாளை உரிப்பதற்காகப் பின்சக்கரத்தைக் கழற்றியவன், திரும்ப மாட்டும்போது அச்சின் ஒரு முனையைச் சட்டத்தின் பள்ளத்தில் முழுதாக உட்கார வைக்கவில்லை. சக்கரம் சாய்ந்தது. சாய்ந்ததால் டிஸ்க் உரசியது, கியர் தடுமாறியது. அதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். அவன் திருகித் தள்ளிய ஆறு திருகாணிகளை மீண்டும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

புது சைக்கிளில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். சத்தம் வருவது ஓரிடம், காரணம் இருப்பது வேறிடம். திருப்புளி கையில் இருந்தால் சத்தம் வருகிற இடத்தையே கை தேடுகிறது.

ஆகவே பிரேக்கையும் கியரையும் தொடுமுன் சக்கரம். சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்துங்கள். அச்சின் நட்டையோ, ஸ்பேனர் இல்லாமல் கையால் மடக்கி இறுக்கும் குயிக் ரிலீஸ் நெம்பையோ தளர்த்தி, இருக்கையின் மேல் சற்று அழுத்தினால் அச்சு தானாகவே பள்ளத்தின் அடிவரை போய் உட்காரும். அதன்பின் இறுக்குங்கள். குயிக் ரிலீஸ் நெம்பைத் திருகாணி போலச் சுற்றிச் சுற்றி இறுக்குபவர்கள் நிறைய. அது அதற்கான பொருளே இல்லை. எதிர்ப்பக்கத்து நட்டை அளவாக வைத்து, நெம்பைக் கதவு சாத்துவது போல மடக்க வேண்டும். மடக்கி முடித்ததும் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தால் இறுக்கம் சரி. நெம்பை முழுவதும் திறந்து பார்த்து, அது டிஸ்க் பக்கம் போய்ச் சிக்குமா என்றும் கவனியுங்கள். சில நெம்புகள் 180 டிகிரிக்கு மேல் திறந்து டிஸ்க்கில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் 2015ஆம் ஆண்டு ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற ஏறத்தாழ பத்து லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்து நெம்பை மாற்றிக்கொடுத்தது.

முன்பக்கம் இன்னொரு வேடிக்கை உண்டு. பெட்டியில் இடம் மிச்சம் பிடிக்க, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் அப்படியே ஹேண்டில்பாரைப் பூட்டி ஓட்டுகிறவர்களைச் சாலையில் வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். முன் டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கவ்வி, ஓட்டுபவரின் இடது கைப் பக்கம், ஃபோர்க்கின் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது.

பெடலைப் பற்றி ஒரு வரி: இடது பெடலின் மரை எதிர்த் திசையில் ஓடும். இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். முதல் நான்கைந்து சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனரோடு ஆரம்பித்தால், மரை கழன்றது என்று யாரைச் சொல்வது என்ற கேள்வி வரும்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக் டக்' என்று தட்டினால் உடனே பிரேக்கை இறுக்கப் போகாதீர்கள். சட்டத்தின் கழுத்தும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் விரலை வைத்து மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் விரலில் தெரிந்தால் கோளாறு கழுத்து பேரிங்கில். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டுத் திருகாணிகளைத் தளர்த்தி, மேல்மூடித் திருகாணியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஹேண்டிலை நேர்படுத்தி, பிறகு பக்கவாட்டை இறுக்க வேண்டும். பக்கவாட்டை முதலில் இறுக்கிவிட்டு மேல்மூடியோடு மல்லுக்கட்டினால் மேல்மூடியின் மரைதான் போகும், ஆட்டம் போகாது.

இனி பிரேக்

விலை குறைந்த, நடுத்தர விலைச் சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக். அதன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறு தானாகக் குறையும். இவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு பிரேக் கட்டைகளில் வெளிப்பக்கத்துக் கட்டை மட்டுமே நகரும். அது டிஸ்க்கைத் தள்ளி, அசையாமல் இருக்கும் உள்கட்டையின் மேல் அழுத்துகிறது. உள்கட்டை எட்ட இருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் டிஸ்க் வளைந்து போய்த்தான் அதைத் தொட வேண்டும். லீவர் பஞ்சு போல அமுங்கும், பிடிமானம் இருக்காது.

இங்கேதான் எல்லோரும் கேபிளை இறுக்குகிறார்கள். லீவர் விறைப்பாகிவிடும், சரியாகிவிட்டது என்ற நினைப்பும் வரும். உண்மையில், கவ்வியில் கேபிள் இழுக்கும் சிறு நெம்புகை பாதி தூரம் திரும்பிய நிலையிலிருந்து கிளம்புகிறது. கட்டை சற்றுத் தேய்ந்ததும் அது மேற்கொண்டு திரும்ப இடமில்லாமல் நின்றுவிடும். அந்தச் சமயத்தில் நீங்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது இறங்கிக்கொண்டிருக்கலாம்.

செய்ய வேண்டியது, சக்கரப் பக்கம் இருக்கும் திருகாணியை ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு இடையே ஆலன் கீயை விட்டுத் திருகி, உள்கட்டையை டிஸ்க்குக்கு மயிரிழை தூரத்தில் கொண்டுவருவது. ஒரு வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் இடைவெளி தெளிவாகத் தெரியும். கேபிளில் உள்ள சிறு தொய்வை எடுப்பது அதற்குப் பின்னால்தான். எல்லாம் முடிந்ததும் நின்ற இடத்திலேயே லீவரைப் பலம்கொண்ட மட்டும் பத்து முறை அழுத்துங்கள். கேபிள் நழுவுவதாக இருந்தால் வாசலிலேயே நழுவட்டும்.

டிஸ்க் உரசுகிறதா? சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். விடாமல் உரசினால் கவ்வி நேராக உட்காரவில்லை. அதன் இரு திருகாணிகளையும் தளர்த்தி நடுப்படுத்தி, மாற்றி மாற்றி இறுக்குங்கள். சுற்றுக்கு ஒரு முறை 'சர்க்' என்று ஒரே இடத்தில் மட்டும் உரசினால் கவ்வியைத் தொடாதீர்கள். டிஸ்க்கில் கோட்டம் இருக்கிறது, பெட்டியில் வரும்போது அடிபட்டிருக்கும். சுத்தமான துணியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கவ்வியை மணிக்கணக்கில் நகர்த்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் நகர்த்தியவன்தான்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளுக்கு ஒரு தாராள குணம் உண்டு. கிறீச்சிடும் எதற்கும் தேங்காய் எண்ணெய். டிஸ்க்கிலோ பிரேக் கட்டையிலோ எண்ணெய் பட்டால் அந்தப் பிரேக்கின் கதை முடிந்தது. ஊறிய கட்டையை மாற்றத்தான் வேண்டியிருக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்பிரே வேண்டாம், சொட்டுச் சொட்டாக விடுங்கள். டிஸ்க்கை விரலால்கூடத் தொடாதீர்கள். அழுக்காக இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் புது டிஸ்க் பிரேக் முதல் நாள் சரியாகப் பிடிக்காது. கட்டையின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் படிந்த பிறகே முழுப் பிடிமானம் வரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, சக்கரம் இறுகிவிடாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். ஆளில்லாத சாலையில் முன் பிரேக்கில் 15, 20 முறை, பின் பிரேக்கில் அதே அளவு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் 'புது பிரேக்கே பிடிக்கவில்லை' என்று கேபிளை மறுபடி இறுக்கும் படலம் தொடங்குகிறது.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் வேறு ஒரே ஒரு எச்சரிக்கை: சக்கரம் கழன்றிருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள். கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு டிஸ்க் நுழைய வழி இருக்காது. ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கில் கட்டை டயரைத் தொடாமல் ரிம்மின் மேல் மட்டும் படிகிறதா என்று பார்த்தால் போதும். டயரில் உரசினால் சில நாளிலேயே டயர் கிழியும்.

எந்தக் கைக்கு எந்த பிரேக் என்பதையும் சோதியுங்கள். நம் ஊர் வழக்கம் வலது கைக்கு முன் பிரேக், மோட்டார் சைக்கிளைப் போலவே. அமெரிக்கச் சந்தைக்கான சைக்கிள்களில் இடது கைக்கு முன் பிரேக் இருக்கும். பழக்கமில்லாத கை அவசரத்தில் தவறான சக்கரத்தை நிறுத்தும்.

கியரும் இரண்டு எல்லைக்கற்களும்

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டிரெய்லரில் (derailleur) 'எச்', 'எல்' என்று குறியிட்ட இரண்டு சிறு திருகாணிகள் இருக்கும். அதிகம் துன்புறுத்தப்படுபவை இவைதாம். கியர் தயங்கினாலும் தாண்டினாலும் முதலில் திருப்புளி போவது இங்கே. இவை வயலின் இரண்டு எல்லைக்கற்கள். 'எச்' சிறிய பல்சக்கரத்துக்கு அப்பால் செயின் விழாமல் தடுக்கிறது, 'எல்' பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் போகாமல் தடுக்கிறது. நடுவில் இருக்கும் கியர்களுக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்றாவது கியர் சரியாக விழவில்லை என்று 'எல்'லைத் திருகுவது, வரப்புத் தகராறுக்கு ஊர் எல்லையை மாற்றுவது போல.

நடுக் கியர்களை ஆள்வது கேபிள். 1984இல் ஜப்பானிய சைக்கிள் உதிரிபாக நிறுவனமான ஷிமானோ, ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் என்ற முறையைப் பந்தய சைக்கிளில் கொண்டுவந்தது முதல், ஒவ்வொரு கிளிக்கிலும் கேபிள் குறிப்பிட்ட அளவே நகர்கிறது. பின்னால் ஏழு பல்சக்கரங்கள் உள்ள ஷிமானோ அமைப்பில் அவற்றுக்கிடையே 5 மில்லிமீட்டர். அதற்காகக் கேபிள் இழுக்கப்படுவது 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் தொய்வே ஏன் இத்தனை சத்தம் போடுகிறது என்பது இதில் விளங்கும்.

கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னாலிருந்து பார்த்து, டிரெய்லரின் மேல் உருளை சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே வரும்படி 'எச்'சை வையுங்கள். கையால் டிரெய்லரைத் தள்ளி, பெரிய பல்சக்கரத்தோடு நிற்கும்படி 'எல்'லை வையுங்கள். பெட்டியில் வந்த சைக்கிளில் பெரும்பாலும் இவை தொழிற்சாலையிலேயே சரியாக வைக்கப்பட்டிருக்கும், தொடவே வேண்டியிராது. பிறகு கேபிளை மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஹேண்டிலில் கியர் மாற்றும் ஷிஃப்டர், சிறிய பல்சக்கரத்துக்குரிய 7ஆம் எண்ணில் நிற்கிறதா என்பது. அது 6இலோ 5இலோ இருக்கும்போது கேபிளை இறுக்கிவிட்டு, கியர் எண்ணும் செயினும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விழிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மிச்ச வேலை முழுவதும் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய அட்ஜஸ்டருக்கு உரியது. செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் அது வெளியே வரும்படி திருகுங்கள், கேபிள் இறுகும். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் உள்ளே போகும்படி. ஒரு நேரத்தில் கால் சுற்று, பெடலைச் சுற்றிப் பார்த்த பிறகே அடுத்த கால் சுற்று.

ஏறுவதை நேராக்கினால் இறங்குவது கெடுகிறது, இறங்குவதை நேராக்கினால் ஏறுவது கெடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். டிரெய்லரின் இரண்டு உருளைகளும் பல்சக்கரத்தோடு ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லாமல் கீழ் உருளை ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால், டிரெய்லர் தொங்கும் ஹேங்கர் பெட்டிக்குள்ளேயே வளைந்துவிட்டது. உலகத்தில் உள்ள எந்தத் திருகாணியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஹேங்கரின் கோணத்தை அளக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுத்து நிமிர்த்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பின்சக்கரம் தரையில் படாமல் சுற்ற வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தால் ஷிஃப்டர் நசுங்கும், ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று லீவரிலிருந்து குழாய்க்குள் போகவும் வழியாகும். இருக்கைக்கு அடியில் கயிறு போட்டு மாமரக் கிளையிலோ மாடிப்படிக் கம்பியிலோ தொங்கவிடலாம். என் வீட்டில் ஊஞ்சல் கொக்கி.

முன் டிரெய்லரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அதன் வெளித்தகடு பெரிய பல்சக்கரத்தின் பல்லுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் மேலே, அதற்கு இணையாக இருந்தால் விட்டுவிடுங்கள். முன்னால் பெரியது பின்னாலும் பெரியது, முன்னால் சிறியது பின்னாலும் சிறியது என்று செயினைக் குறுக்கே போட்டால் உரசத்தான் செய்யும். அது கோளாறு கிடையாது. அந்தச் சத்தத்தைத் துரத்திப் போகிறவர்கள் நன்றாக இருந்த மற்ற கியர்களையும் கெடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் கேபிள் உறைகளின் முனைகள் தம் இடத்தில் அழுந்தி உட்காரும். கேபிளில் தொய்வு விழும், கியர் மறுபடி தயங்கும். சைக்கிள் கெட்டுவிட்டதாகப் பயந்து திருப்புளியை எடுக்க வேண்டாம், அட்ஜஸ்டரில் அரைச் சுற்று போதும்.

பத்து நாள் கழித்து அக்கா மகனுக்கும் அதுவே நடந்தது. தொலைபேசியில் அரைச் சுற்று என்றேன், சரியாயிற்று. 'எச்', 'எல்' இரண்டையும் தொட்டாயா என்று சந்தேகத்தோடு கேட்டேன். "இரண்டின் தலையிலும் அம்மாவின் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மாமா. யார் திருகினாலும் தெரிந்துவிடும்" என்றான். அந்த வீட்டில் சைக்கிளைத் தொடும் ஆள் அவன் ஒருவன்தான்.