வேலைக்குத் திரும்பும் முன்: தாய்ப்பாலைக் கையால் எடுத்து வைப்பது எப்படி?

மகப்பேறு விடுப்பு முடியப்போகிறது என்றதும் தோழிகள் கேட்ட முதல் கேள்வி, "எந்த பம்ப் வாங்கப்போறே?" பம்ப் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கையால் எடுக்கப் பழகுங்கள். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று போதும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

வேலையில் சேர இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். விடியற்காலையில் சுரப்பு பொதுவாகக் கூடுதல். குழந்தை குடித்து முடித்ததும் ஒரு வேளை எடுத்துப் பாருங்கள்.

படி 1: டப்பாவைக் கழுவி, பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள். கைக்குச் சோப்பு.

படி 2: பலரும் தடுமாறும் இடம் இதுதான். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். அழுத்தம் விழவேண்டியது காம்புக்குப் பின்னால். கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும், காம்பிலிருந்து 2–3 செ.மீ. தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்நோக்கி அழுத்துங்கள். அந்த அழுத்தத்தை விடாமல் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்குங்கள். விடுங்கள். மறுபடி அதே மாதிரி. விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. அதனால் எண்ணெய் வேண்டாம்.

முதல் ஓரிரு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், சிலருக்கு அதுவும் வராது. வெதுவெதுப்பான துணி ஒற்றடம், லேசாக நீவிவிடுதல், பக்கத்தில் குழந்தையின் சட்டை, இதெல்லாம் உதவும். பிறகு பீய்ச்சி அடிக்கும். வேகம் குறைந்ததும் விரல்களை வட்டமாக நகர்த்தி வேறு இடத்தில் அமுக்குங்கள், அடுத்த பக்கம் போங்கள், திரும்பி வாருங்கள். மொத்தம் 20–30 நிமிடம் ஆகலாம். வலித்தால் விரல் வைத்த இடம் தவறு.

ஆரம்பத்தில் இரண்டு ஸ்பூன் வந்தாலே சரி. அதைப் பார்த்து வீட்டில் யாராவது "பால் பத்தலை போல" என்பார்கள். காதில் வாங்காதீர்கள். கைக்கு வருவதைவிடக் குழந்தையின் வாய்க்கு அதிகம் வரும். மார்பு சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

படி 3: 25 டிகிரி வரையிலான அறையில் பால் 4 மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் நம் சமையலறை அந்தக் கணக்குக்குள் வராது. எடுத்த கையோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவில் அல்ல, உள்தட்டின் பின்பக்கம். 4 நாள் வரை இருக்கும். தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். ஒரு டப்பாவில் 60 மி.லி.க்கு மேல் வேண்டாம், மிச்சமானால் கொட்ட மனசு வராது. குறைமாதக் குழந்தை என்றால் இந்தக் கணக்குகளை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ஓரிடம் கொதித்து ஓரிடம் ஆறியிருக்கும். மேலே ஆடை மாதிரி ஒதுங்கியிருந்தால் கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

புகட்ட என் ஓட்டு பாலாடைக்கே, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்துக்கு. பாட்டிலைவிடக் கழுவுவது சுலபம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, அது விழுங்க விழுங்கக் கொடுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள். பார்த்துக்கொள்ளப்போகும் பாட்டிக்கு முன்கூட்டியே இதைப் பழக்கிவிடுங்கள். குடித்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கப் பாருங்கள், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தரவேண்டும் என்பது இந்தியச் சட்டம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பின்சேர்க்கை: ஃப்ரீசரில் வைத்த பால் சோப்பு வாடை அடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பாலில் உள்ள லிப்பேஸ் என்ற நொதியின் வேலை அது, கெட்டுப்போனதல்ல. குழந்தை குடித்தால் விட்டுவிடுங்கள். முகத்தைத் திருப்பினால், அடுத்த முறை எடுத்தவுடனே அடுப்பில் ஓரங்களில் சின்னக் குமிழி வரும்வரை சூடாக்கி, பொங்கவிடாமல் இறக்கி, உடனே ஆறவைத்து ஃப்ரீசரில் வையுங்கள். ஏற்கெனவே வாடை வந்த பாலில் இது பலிக்காது.