யோசமிட்டிக்கு கார் எடுத்துட்டு போறீங்களா? கரடி விஷயத்துல நாம வழக்கமா பண்ற தப்புங்க

கலிஃபோர்னியால சான் பிரான்சிஸ்கோ பக்கத்து பே ஏரியாலேர்ந்து யோசமிட்டி தேசியப் பூங்கா நாலு மணி நேர டிரைவ்தான், அதனால நம்ம தமிழ் குடும்பங்க மூணு நாலு சேர்ந்து ரெண்டு மினிவேன்ல கிளம்பிடுறோம், புளியோதரை ஒரு டப்பா, தயிர் சாதம் ஒரு டப்பா, முறுக்கு, தக்காளி தொக்கு, பசங்களுக்கு ஜூஸ், ஒரு சின்ன கல்யாண வீட்டு சமையல்கட்டே வண்டிக்குள்ள இருக்கும். போய் இறங்கினதும் டென்ட்டை எந்த பக்கம் பாத்து அடிக்கறதுன்னு அரை மணி நேரம் பேசுவோம். காரைப் பத்தி மட்டும் யாரும் பேச மாட்டோம். ரிமோட்டை அமுக்கினோம், பீப்னு சத்தம் வந்துச்சு, பூட்டியாச்சு, அவ்ளோதான்.

முதல் தப்பே அந்த பீப்தாங்க. கார் பூட்டு திருடனுக்கு செஞ்சது, கரடிக்கு இல்ல. அங்க இருக்கறது கருங்கரடி, பேருதான் கருப்பு, நிறைய கரடி பழுப்பு கலர்லதான் இருக்கும், பாத்து ஏமாறாதீங்க. அது கதவு மேல் விளிம்புல, கண்ணாடி ஃப்ரேமும் கூரையும் சேர்ற இடுக்குல நகத்தை விட்டு அப்படியே கீழ்ப்பக்கமா இழுக்கும், கதவு வாழைப்பழத் தோல் மாதிரி மடிஞ்சு வரும், கண்ணாடி தானா நொறுங்கிடும். உள்ள நுழைஞ்சதும் பின் சீட்டை கிழிச்சு அந்த வழியா டிரங்குக்குள்ள போயிடும். அதனால "டிரங்க்ல வச்சிருக்கேன், வெளிய தெரியாது"ன்னு சொல்றது ராத்திரில செல்லாது. தாய்க்கரடி பண்றதை குட்டிங்க பக்கத்துல நின்னு பாத்து கத்துக்குதுங்க, அதனால இந்த வித்தை ஒரு தலைமுறையோட போறதும் இல்ல.

இது என்னமோ எப்பவாவது ஒரு தடவை நடக்கற அதிசயம்னு நினைச்சா 1998ஐ எடுத்துக்கோங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் யோசமிட்டில 1,600க்கு கிட்டத்தட்ட கரடி சம்பவம் பதிவாச்சு, சேதம் 6 லட்சம் டாலருக்கு மேல, அதுல பெரும்பங்கு கார் உடைச்சதுதான். அதுக்கப்புறம்தான் 1999லேர்ந்து இதுக்குன்னே தனியா பணம் ஒதுக்கி, கேம்ப்சைட் எல்லாத்துலயும் இரும்பு லாக்கர், ராத்திரி ரோந்து, ஜனங்களுக்கு சொல்லிக்குடுக்கறதுன்னு இறங்கினாங்க, சம்பவம் பத்துல ஒண்ணுக்கும் கீழ இறங்கிடுச்சு. கரடி அப்படியேதான் இருக்கு, மாறினது நாம பொருளை வைக்கற இடம்.

மினிவேன் வச்சிருக்கவங்க இதை கொஞ்சம் நின்னு படிங்க. 2001லேர்ந்து 2007 வரைக்கும் யோசமிட்டில கரடி உடைச்ச 908 வண்டிய எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2009ல ஒரு கட்டுரை வந்துச்சு. உடைபட்டதுல 26 சதவீதம் மினிவேன். ஆனா பார்க்குக்குள்ள நின்ன மொத்த வண்டில மினிவேன் வெறும் 7 சதவீதம்தான்! அப்போ கரடி பொறுக்கி எடுத்துதான் உடைக்குது, ஏதோ எதிர்ல வந்ததை இல்ல. ஏன்னு அவங்க உறுதியா அடிச்சு சொல்லல, சில காரணம் இருக்கலாம்னு சொன்னாங்க: மினிவேன்ல போறவங்க பெரும்பாலும் குழந்தைங்களோட போறாங்க, குழந்தைங்க ஜூஸையும் பிஸ்கட்டையும் சீட் பூரா கொட்டும், ஆள் அதிகம்னா சாப்பாடும் அதிகம் ஏறும், வண்டி கதவு அமைப்பு உடைக்க சுலபமா இருக்கலாம், இல்ல இந்த வேலைல தேறின ரெண்டு மூணு கரடியே ஊர் பூரா சுத்தி உடைச்சிருக்கலாம். எனக்கு அந்த முதல் காரணம்தான் நம்பற மாதிரி இருக்கு, எங்க வண்டி மூணாவது ரோ சீட்டை ஒரு தடவை கழட்டி பாத்தப்போ கீழ இருந்ததை வச்சு ஒரு வேளை டிபனே முடிச்சிருக்கலாம்.

அதுலேர்ந்து வர்ற தப்புதான் குழந்தை கார் சீட். சாப்பாடு எல்லாம் எடுத்து லாக்கர்ல வச்சுட்டு கார் சீட்டை அப்படியே விட்டுடுவோம், அது சீட்தானேன்னு. அந்த துணி மடிப்புல பால் காஞ்சு போயிருக்கும், வாழைப்பழம் தேச்சிருக்கும், நமக்கு மூக்குல படாது, கரடிக்கு பளிச்சுன்னு தெரியும், வேட்டை நாயை விட கூர்மையான மூக்கு அதுக்கு. முடிஞ்சா ட்ரிப்புக்கு முந்தின நாளே வீட்லயே வேக்குவம் போட்டு, சீட் கவரை கழட்டி துவைச்சு, கப் ஹோல்டர்ல ஒட்டிட்டு இருக்கற மிட்டாயை சுரண்டி எடுத்துட்டு கிளம்புங்க. கேம்ப்சைட்ல போய் இதெல்லாம் பண்ண முடியாது, பொறுமையும் இருக்காது.

அடுத்தது, "சாப்பாடு"ன்னா என்னன்னு நாம நினைக்கறதும் கரடி நினைக்கறதும் வேற வேற. டூத்பேஸ்ட், சோப்பு, ஷாம்பூ, சன்ஸ்கிரீன், லிப் பாம், பேபி வைப்ஸ், சூயிங் கம், நாய்க்கு வாங்கின பிஸ்கட், குப்பை கவர், காலி ஜூஸ் டப்பா இதெல்லாமே கரடி கணக்குல சாப்பாடுதான், பார்க்கோட விதிலயும் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. தலைக்கு தேங்காய் எண்ணெய் பாட்டிலை க்ளவ் பாக்ஸ்ல விட்டுட்டு தூங்கறவங்க நம்மள்ல எத்தனை பேர்னு கேட்டுப் பாருங்க. திறக்காத கோக் கேன், டின்ல அடைச்ச பொருள்னாலும் விதிவிலக்கு கிடையாது. இன்னொரு காமெடி, வாசனை வராம இருக்கட்டும்னு கார்ல ஏர் ஃப்ரெஷ்னர் தொங்க விடறது. ஸ்ட்ராபெரி வாசனை வருதுன்னா கரடி அது அட்டைன்னு நினைக்கணுமா என்ன? அதையும் கழட்டிடுங்க.

மூக்கு மட்டும் இல்ல, கண்ணும் இருக்கு அதுக்கு. கூலர் பாக்ஸ் எப்படி இருக்கும்னு அங்க இருக்கற கரடிங்களுக்கு நல்லாவே தெரியும், பளபளன்னு கழுவி காலியா வச்ச கூலரா இருந்தாலும் கண்ணாடி வழியா பாத்தா உடைச்சுட்டுதான் உள்ள என்ன இருக்குன்னு பாக்கும். மளிகை கவர், சாப்பாட்டு பை மாதிரி தெரியற எதையும் சீட் மேல விடாதீங்க. காருக்கு மேல மாட்டற ரூஃப் பாக்ஸ், பிக்அப் வண்டியோட பின்பக்கம் இதெல்லாம் பாதுகாப்புன்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, அது பரிமாறி வச்ச இலை மாதிரி, அவ்ளோதான்.

விதி என்னன்னு தெளிவா சொல்லிடறேன், நிறைய பேருக்கு இங்கதான் குழப்பம். யோசமிட்டில பகல்ல காருக்குள்ள சாப்பாடு இருக்கலாம், கண்ணாடி முழுசா ஏத்தி, வெளிய தெரியாத மாதிரி வச்சிருந்தா. இருட்ட ஆரம்பிச்சதும் கூடாது, எல்லாம் லாக்கருக்கு போயாகணும். மீறினா 5,000 டாலர் வரைக்கும் அபராதம் போடலாம், கேம்ப் பெர்மிட்டையே ரத்து பண்ணலாம். ஆனா கேம்ப்சைட்ல காருக்கு வெளிய எடுத்துட்டா பகலா இருந்தாலும் கைக்கு எட்டற தூரத்துல இருக்கணும், இல்லன்னா லாக்கர்ல. மேஜை மேல சப்பாத்தியையும் குருமாவையும் பரப்பி வச்சுட்டு எல்லாரும் சேர்ந்து ஆத்துக்கு குளிக்க போறது நம்ம ஸ்பெஷல் தப்பு.

லாக்கர்லயும் தப்பு பண்ண முடியும், பண்ணியிருக்கோம். பல கேம்ப்சைட்ல அது 45 இன்ச் அகலம், 33 இன்ச் ஆழம், 18 இன்ச் உயரம். சக்கரம் வச்ச பெரிய கூலரை வாங்கிட்டு போனா உயரம் இடிக்கும், உள்ள போகாது, அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஐஸ் தண்ணியை கீழ ஊத்திட்டு தோசை மாவு டப்பாவை எங்க சொருகறதுன்னு டார்ச் வெளிச்சத்துல முழிச்சுட்டு நிக்கணும். நாங்க நின்னோம். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்லயே டேப் வச்சு அளந்துடுங்க. கதவை சும்மா சாத்தறதும் போதாது, கொக்கி முழுசா மாட்டின சத்தம் கேக்கணும், "இப்ப எடுக்கத்தானே போறோம்"னு திறந்து போட்டுட்டு அடுப்பு பக்கம் திரும்பற அந்த ரெண்டு நிமிஷம் கரடிக்கு தாராளம்.

டிரெயில் ஹெட்ல, அதாவது மலைப்பாதை ஆரம்பிக்கற இடத்துல, ராத்திரி காரை விட்டுட்டு மலை ஏறப் போறவங்க தனி ரகம். கூட எடுத்துட்டு போற சாப்பாட்டை கரடியால திறக்க முடியாத கெட்டி டப்பாக்குள்ள கச்சிதமா அடைச்சிடுவாங்க, ஆனா திரும்பி வந்ததும் சாப்பிடலாம்னு சிப்ஸ் பாக்கெட்டை காருக்குள்ள விட்டுட்டு போயிடுவாங்க. திரும்பி வரும்போது சிப்ஸும் இருக்காது, கதவும் இருக்காது. அங்க பார்க்கிங்லயே லாக்கர் இருக்கும், அதுல வச்சுட்டு போங்க.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒரு யோசனை சுத்துது, "கண்ணாடி உடைஞ்சா செலவு, அதனால பூட்டாம விட்டுடு, கரடி வந்து பாத்துட்டு போகட்டும்"னு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கலிஃபோர்னியா-நெவாடா எல்லைல இருக்கற லேக் டாஹோ ஏரி பக்கம் கேபின் எடுத்து தங்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா அங்க கரடி நேரா வீட்டு வாசல்ல கார் நிக்கற இடத்துக்கே வரும், கைப்பிடியை இழுத்து கதவைத் திறக்க அதுக்கு தெரியும். உள்ள ஏறின பிறகு சரிவுல நிக்கற வண்டின்னா கதவு பின்னாடி தானா சாத்திக்கும், உள்ளேர்ந்து திறக்க தெரியாது. அப்புறம் மாட்டிக்கிட்ட பயத்துல டேஷ்போர்டு, சீட், கூரைத் துணி எல்லாத்தையும் கிழிச்சு தொங்க விட்டுடும், நடுவுல ஹாரனும் அடிக்கும், உள்ளயே எல்லாம் போயும் வச்சிடும், அந்த நாத்தம் போகவே போகாதுன்னு சொல்றாங்க. அப்படி மாட்டியிருந்தா நீங்க போய் கதவை திறந்து விடாதீங்க, ரேஞ்சரையோ (பூங்கா காவலர்) போலீஸையோ கூப்பிடுங்க, அவங்க கைப்பிடில கயிறு கட்டி தூரத்துல நின்னு இழுத்து திறந்து விடுவாங்க. பூட்டறது கரடியை தடுக்காதுன்னு மேல சொன்னேன், உண்மைதான், ஆனா காலியா இருக்கற காரைப் பூட்டினா அது மெனக்கெட்டு உடைக்க காரணம் இல்ல. காலியும் பண்ணணும், பூட்டவும் பூட்டணும்.

கரடி கார்கிட்ட நின்னு மோப்பம் பிடிச்சுட்டு இருக்கறதைப் பாத்தா போனை எடுத்துட்டு கிட்ட ஓடறதும் தப்புதான். யோசமிட்டில 50 யார்டு தள்ளி நிக்கணும். கேம்ப்சைட்டுக்குள்ள வந்துட்டா தூரத்துல நின்னு எல்லாரும் சேர்ந்து சத்தமா கத்துங்க, தட்டு பாத்திரத்தை தட்டுங்க, அது ஓடறதுக்கு வழி விட்டு நில்லுங்க, அப்புறம் ரேஞ்சருக்கு தகவல் சொல்லுங்க. பெப்பர் ஸ்ப்ரே வாங்கிட்டு போகலாம்னா யோசமிட்டில கரடி ஸ்ப்ரேக்கு அனுமதியே கிடையாது. யெல்லோஸ்டோன்ங்கற இன்னொரு தேசியப் பூங்காவுல கிரிஸ்லின்னு பெரிய பழுப்புக் கரடி இருக்கு, அங்க எடுத்துட்டு போங்கன்னு அவங்களே சொல்றாங்க, ஆனா அதை வெயில்ல நிக்கற காருக்குள்ள விட்டா வெடிக்கும், அதுவும் ஒரு கார் சேதம்தான். கார்ல சாப்பாடு வைக்கற விஷயத்துலயும் யெல்லோஸ்டோன் வேற, அங்க பூட்டின காருக்குள்ள வைக்கலாம்னு விதியே இருக்கு. போன வருஷம் யெல்லோஸ்டோன்ல வச்சோமே ஒண்ணும் ஆகலயேன்னு யோசமிட்டில வந்து அதையே பண்றவங்கதான் மாட்டறாங்க. எந்த பார்க்குக்கு போறீங்களோ அந்த பார்க் விதியை மட்டும் படிச்சுட்டு போங்க.

கரடியோட சம்பந்தமில்லாத ஒண்ணு, ஆனா சொல்லாம விட மனசில்ல. செக்கோயா தேசியப் பூங்காவுல மினரல் கிங்ங்கற மலைப்பகுதிக்கு போனீங்கன்னா அங்க தொல்லை மார்மட், பெரிய அணில் மாதிரி ஒண்ணு, பானெட்டுக்கு அடியில பூந்து ரேடியேட்டர் ஹோஸையும் வயரையும் கடிச்சு வச்சிடும். தார்ப்பாய விரிச்சு அது மேல வண்டிய ஏத்தி நாலு பக்கமும் மேல தூக்கி கட்டிட்டுதான் போவாங்க, பாத்தா வண்டிக்கு வேட்டி கட்டின மாதிரி இருக்கும்.

கார் இன்சூரன்ஸ்ல "காம்ப்ரிஹென்சிவ்"ங்கற பகுதி இருந்தாத்தான் மிருகம் பண்ண சேதத்துக்கு பணம் வரும், வெறும் லயபிலிட்டி (நாம அடுத்தவங்களுக்கு பண்ற சேதத்துக்கானது) வச்சிருந்தா கைக்காசுதான், மோதல் சேதத்துக்கான கொலிஷன்லயும் இது வராது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தாலும் டிடக்டபிள், அதாவது முதல்ல நாம கட்ட வேண்டிய பங்கு, நம்ம தலைலதான். பழைய வண்டிதானேன்னு காம்ப்ரிஹென்சிவை வேணாம்னு நீக்கிட்டவங்க கிளம்பறதுக்கு முன்னாடி பாலிசியை ஒரு தடவை திறந்து பாத்துக்கோங்க.

இலையுதிர் காலத்துல போறவங்க இன்னும் உஷாரா இருங்க, குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னாடி உடம்புல கொழுப்பு ஏத்த கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைக்கும் சாப்பிடுமாம், பெர்ரியும் ஓக் கொட்டையும் ஒண்ணொண்ணா பொறுக்கற நேரத்துக்கு ஒரு கூலர் கிடைச்சா அதுக்கு அன்னிக்கு வேலை முடிஞ்சுது. அப்படி ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், மனுஷனைப் பாத்து பயம் விட்டுப் போகும், கடைசில ஆபத்துன்னு சொல்லி அதைக் கொன்னுடற நிலைமையும் வருது. நம்ம வண்டிக்கு புதுக் கதவு போட்டுக்கலாம்.

நாங்க இப்ப பண்றது என்னன்னா, தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் டார்ச்சை எடுத்துட்டு காரை வெளிய நின்னு ஒரு சுத்து சுத்தி கண்ணாடி வழியா உள்ள அடிச்சுப் பாக்கறது, சீட்டுக்கு கீழ, கதவு பாக்கெட், கப் ஹோல்டர், டிரங்க். பசங்ககிட்ட இந்த வேலையை குடுத்துட்டா நம்மளை விட நல்லா பண்றாங்க. போன தடவை ஒரு பாதி கடிச்ச கடலைமிட்டாயும், என் மனைவியோட ஹேண்ட்பேக்ல இருந்த மூணு லிப் பாமும் சிக்குச்சு.